இரண்டு கிலோவுக்கு மேற்படாத முகங்கள்

சிப்பியாற்றில் பெண்களின் படங்கள் கனக்கத் தொடங்கிய அன்று, மூன்று மாதத்துக்குப் பிறகு சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருந்தது, ஊர் முழுவதும் கானும் போத்தலுமாக வரிசையில் நின்றது, ஆகவே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மீன்காரி பிலோமினாதான் முதலாவது ஆள். எமில்டாவின் ஸ்டூடியோவில் பாஸுக்கான தன் படத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கியவள், உறையின் அடி கிழிந்து படம் கால் பெருவிரலில் விழ, "யேசுவே!" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"என்னடி எமில்டா, படத்துக்குப் பின்னால இரும்புத் தகடு வைச்சனியோ?"

"கடதாசிதான் அக்கா."

"கடதாசியெண்டா ஏன் என்ர நகம் போச்சுது?"

எமில்டா குனிந்து எடுத்தாள். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. இருவருமாக அதைச் சங்கக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மனேஜர் சூசைதாசன் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படிக்கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, "ஒரு கிலோ நானூறு" என்றார். "சீனியெண்டால் எவ்வளவு நல்லாயிருக்கும்" என்றும் சொல்லிவிட்டு மண்ணெண்ணெய் அளக்கப் போனார்.

அப்போது சிப்பியாறு இராணுவ முகாமின் ஆட்சியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, மிச்சமிருந்த ஒரே தரைவழியில் சிப்பாய்கள் மறித்துச் சோதிக்கிற சென்றி. ஆண்களில் பாதிப்பேர் படகேறிப் போயிருந்தார்கள், மீதிப்பேரில் பாதியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், எஞ்சியவர்கள் வீட்டுக்குள் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஊரில் நடமாடியது பெண்கள், ஆகவே சட்டமெல்லாம் பெண்களைத் தேடித்தான் வந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு சென்றிக்கு அப்பால், சந்தை அப்பால், ஆஸ்பத்திரி அப்பால், செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையும் அப்பால். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணும் படம் ஒட்டிய பாஸ் கொண்டுவர வேண்டும் என்று மரமெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். தலையில் முக்காடு கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. கடைசி வரி எமில்டாவுக்கென்றே எழுதியதுபோல இருந்தது: படத்தில் பென்சில் வைக்கக் கூடாது.

ஏனென்றால் எமில்டாவின் கெட்டித்தனமே அந்தப் பென்சிலில்தான் இருந்தது. நெகட்டிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, கீழே விளக்கை ஏற்றி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை ஆற்றுவாள், கண்ணுக்குக் கீழே கிடக்கிற கறுப்பைக் கழுவுவாள், உதட்டு வெடிப்பை மூடுவாள். அவளுடைய பென்சில் இல்லாவிட்டால் ஊரில் பாதிப்பேருக்குக் கலியாணம் நடந்திராது என்று பிலோமினா சொல்வாள். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. ஸ்டூடியோ அவள் புருஷன் குரூஸினுடையது. ஒன்பது வருடத்துக்கு முன்பு அவன் படகேறும்போது, "போய்ச் சேந்ததும் ஆள் அனுப்புவன். இந்த வீட்டை விட்டு அசையாத, எனக்கு வேற விலாசம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அசையவில்லை. இரண்டு முறை ஊரே சட்டி பானையோடு இடம்பெயர்ந்தபோதும் அவள் நாய்களோடு நாயாக அங்கேயே கிடந்தாள். பிலிம் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுக் கடதாசிகளை, பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் வாசித்து, எத்தனையோ சுருளைப் பாழாக்கி, பகலிலும் இருட்டாக இருக்கிற பின்னறையில் சிவப்பு பல்புக்குக் கீழே தானே பழகிக்கொண்டாள். ஒரு கோப்பை, ஒரு பாய், வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுக்கிற ஒரு பழக்கம். ஒன்பது வருடத்தில் அவளிடம் சேர்ந்தது அவ்வளவுதான்.

பென்சில் வைக்காத முகங்கள்தான் கனத்தன. நெகட்டிவில் பாரம் இல்லை; கடதாசியில் முகம் தெளிந்து வரும்போதுதான் பாரம் ஏறியது. மருந்துத் தண்ணீர்த் தட்டில் முதலில் புருவம் வரும், பிறகு கண், பிறகு வாயோரத்துக் கோடு, கோடு வரவர எமில்டாவின் கை தாழும்.

ஊர் இரண்டு கிழமையில் இதற்குப் பழகிவிட்டது. தையல்காரி பாய்மரத் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் படப்பை தைத்தாள். தச்சன் சின்னச் சில்லு வைத்த பலகை செய்து கொடுத்தான். கனத்த படக்காரிகள் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். பூசைக்கு முன்னால் கோயில் முற்றத்தில் படம் நிறுப்பதைப் பங்குச் சாமியார் தடை செய்தார், பூசைக்குப் பின்னால் அவரே நின்று பார்த்தார். கலியாணம் பேசப் போகிறவர்கள் "பொம்பிளையின்ர படம் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். "நூறு கிராம்கூட இல்லை, ஒண்டும் அறியாத பிள்ளை" என்றார் ஒரு தகப்பன். "அப்ப அடுப்படிப் பக்கமே போனதில்லைப் போல" என்று மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டாள். ஒரே வீட்டுக்கு மருமக்களாய் வந்த இருவர் சங்கக்கடையில் தலைமயிரைப் பிடித்துக்கொள்ளாத குறை.

"ஆறு பெத்து ரெண்டைப் புதைச்ச எனக்கு ரெண்டரைக் கிலோ, இவளுக்கு மூண்டோ? இந்தத் தராசில பிழை கிடக்கு!"

"நீ ஆறு பெத்தாய் சரி. உன்ர மாமியாரைக் கடைசி அஞ்சு வருசமும் கழுவித் துடைச்சது ஆரு?"

சூசைதாசன் திரும்ப நிறுத்தார். மூன்றுதான். மூத்தவள் இளையவளின் படத்தையும் தன் பையிலேயே போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஸ்டெல்லா ரீச்சரின் படம் வந்த நாளை ஊர் மறக்காது. பள்ளிக்கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அவளாகத்தான் இருக்கும். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், முகாமுக்குப் பாஸ் பதியப் போய்த் திரும்பி வந்த அன்றும் சிரித்தாள். படம் பதினொரு கிலோ. சூசைதாசன் படிக்கல்லைப் பார்த்தார், எடையைச் சொல்லாமல் தோளில் கிடந்த துவாயைத் தராசின் மேல் போட்டார். மறுநாள் விடிந்தபோது அவள் படலையடியில் மூடிபோட்ட ஐந்து சட்டி இருந்தது, ஐந்திலும் கறி.

இப்படி ஊருக்குள் பெண்கள் ஒருவரையொருவர் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். எமில்டாவின் படத்தை மட்டும் யாரும் தூக்கியதில்லை. அவளுக்குப் படம் இல்லை. முகாம் வேலை செய்கிறவள் என்பதால் அவளுக்குப் பாஸுக்குப் பதிலாக ஒரு கடிதம் கொடுத்திருந்தார்கள். மேலும், படம் எடுக்க ஊரில் வேறு ஆளும் இல்லை. பெண்கள் வந்தார்கள், முக்காலியில் இருந்தார்கள், கமராவைப் பார்த்தார்கள், கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் இருந்தவளைப் பார்க்காமலே எழும்பிப் போனார்கள்.

சவிரியம்மாவின் படம் ஐம்பத்தெட்டுக் கிலோ. அதை நான்கு பேர் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் அவள் வீட்டு நடுவில் வைத்தார்கள், அன்றிலிருந்து அவள் சென்றியைத் தாண்டவில்லை. அவளுடைய இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெட்டு நெற்றிவரை ஏறியிருந்தது. மகள் ஜெனிற்றாவைக் கொண்டுபோன அன்று குறுக்கே விழுந்து மறித்தவளைத் துவக்குப் பிடியால் அடித்த அடி அது. ஜெனிற்றாவுக்குப் பதின்மூன்று வயது, பாஸுக்கு ஒரு வயது குறைவு, ஆகவே அவளைப் படம் எடுக்கவேயில்லை. முகாமில் கேட்டால் அப்படி ஒரு பிள்ளையே இந்த ஊரில் இல்லை என்றார்கள்.

முகாமுக்கும் பாரம் தட்டியது. ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி, பாஸ் எழுதிக் கொடுக்கிற கந்தோருக்குப் போகவேண்டும். கந்தோரில் முதலில் ஒரு மேசையின் கால் ஒடிந்தது, பிறகு அலுமாரி நிலத்துக்குள் ஒரு சாண் இறங்கியது, பிறகு பிரதிகளை ஏற்றிப்போன ஜீப் சென்றிக்கு நடுவில் வயிறு தட்டி நின்றுவிட்டது. மறுநாள் புது நோட்டீஸ்: பாஸ் படத்தின் நிறை இரண்டு கிலோவுக்கு மேற்படக் கூடாது. சென்றியில் தராசு வைத்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் பாதி ஊர் உவர்த்தண்ணீர் குடித்தது.

கந்தோர்ப் பெரியவர் எமில்டாவைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், கதிரை கொடுத்தார், தேத்தண்ணீர் கொடுத்தார்.

"பென்சில் வையுங்கோ" என்றார்.

"சேர்தான் வைக்கக் கூடாதெண்டு நோட்டீஸ் ஒட்டினது."

"அது போன மாசம்."

அவள் பழைய நெகட்டிவுகளில் பென்சில் வைக்கவில்லை. கை வரவில்லை. வந்தவர்களை எல்லாம் திரும்ப முக்காலியில் இருத்தி, புதிதாக எடுத்து, அதில் வைத்தாள். கண்ணுக்குக் கீழேயுள்ள கறுப்புக்கு முன்னூறு கிராம் போனது, உதட்டுக் காயத்துக்கு ஒரு கிலோ போனது, ஸ்டெல்லா ரீச்சரின் கழுத்தில் இருந்ததற்கு ஒரு பகல் முழுவதும் பென்சில் சீவவேண்டியிருந்தது. பெண்கள் சென்றியைத் தாண்டினார்கள், தண்ணீர் அள்ளினார்கள், பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடித்தன. பிலோமினா புதுப் படத்தைக் காற்றில் விசிறிப் பார்த்தாள்.

"ஆர் இது? என்ர அம்மாவுக்குப் பிறக்காமல் போன தங்கச்சியோ?"

சிரிப்பாள் என்று எமில்டா காத்திருந்தாள். பிலோமினா சிரிக்கவில்லை, படத்தை மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு சங்கக்கடையில் யாரும் யாருடைய படத்தையும் நிறுக்கவில்லை. மூத்த மருமகள் ஒரு வழியால் போனாள், இளையவள் ஒரு வழியால் போனாள். எமில்டாவோடு ஊர் தேவைக்கு மட்டும் பேசியது.

மாசக் கடைசியில் பெரியவர் இன்னொரு தேத்தண்ணீர் கொடுத்தார். பழைய நெகட்டிவ் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், முற்றத்திலேயே எரித்துவிடலாம் என்றார். "முகம் எண்டது இலகுவா இருக்கவேணும், இல்லையோ?" என்றார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சவிரியம்மா ஸ்டூடியோ முக்காலியில் இருந்தாள். ஊருக்குள்தானே, பாஸ் இல்லாமல் நடந்து வந்திருந்தாள். மடியில் சாமியார் கொடுத்த ஒரு கடிதம். வெளியே, பெருந்துறையில் இருக்கிற அரசாங்கக் கச்சேரியில், காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க மூன்று பேர் வந்திருக்கிறார்களாம். வியாழக்கிழமை ஒரே நாள், நாலு மணிவரைக்கும். ஆதாரத்தோடு நேரில் வரவேண்டுமாம்.

"இந்த வெட்டுக்குத் தையல் போட்ட ஆஸ்பத்திரித் துண்டு இல்லை. பிள்ளையின்ர படம் இல்லை. என்னட்ட இருக்கிறது இது ஒண்டுதான்" என்று சவிரியம்மா தன் நெற்றியைத் தொட்டாள். "ஆனா நெத்தியை மட்டும் காட்டினா, விறகு கொத்தேக்க பட்டதெண்டு எழுதிப்போட்டு அனுப்பிடுவங்கள். அந்த ஐம்பத்தெட்டுக் கிலோ அங்க போகவேணும்."

"சென்றியில விடமாட்டாங்கள் அன்ரி."

"அதுதான் உன்னட்ட வந்தனான்."

ஒரு வழி இருந்தது, அது இருவருக்கும் தெரியும். கமராப் பெட்டியைச் சென்றியில் திறக்கமாட்டார்கள். போன வருடம் ஒரு சிப்பாய் திறந்து பார்த்து, உள்ளே இருந்த பிலிமில் வெளிச்சம் பட்டு, பெரியவரின் பிறந்தநாள் படம் அவ்வளவும் வெள்ளையாகிப் போய், அந்தச் சிப்பாய் ஒரு பகல் முழுவதும் வெயிலில் முழங்காலில் நின்றான். கழுவி முடித்த நெகட்டிவுக்கு வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியைக் கண்டால் துவக்கைத் தூக்கி ஒதுங்கி நிற்பார்கள். நெகட்டிவுக்குப் பாரமும் இல்லை. கொண்டு போகலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு பெரியவர் முன்னால் போய் நிற்க ஏலாது. ஊரை விட்டுப் போனால் போனதுதான், திரும்பி வர ஏலாது.

"குரூஸ் வந்தா..." என்றாள் எமில்டா.

சவிரியம்மா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் அந்தக் கையை வேறொருவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. "வருவான், வரமாட்டான் எண்டு நான் சொல்லமாட்டன் பிள்ளை" என்றாள். "காத்துக்கொண்டு கிடக்கிறது என்னெண்டு எனக்கும் தெரியும். ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லு, நான் கோவிக்கமாட்டன்."

நெடுநேரம் கழித்து எமில்டா எழும்பி கமராவில் பிலிம் போட்டாள். "உங்களுக்கும் பாரமில்லாத ஒரு படம் வேணும், சென்றிக்கு."

"எடு. அந்தப் பொய்யை நான் அவங்களுக்குக் காட்டுறன். மெய்யை நீ கொண்டு வா."

வியாழன் காலை அவள் எல்லா நெகட்டிவையும், ஊரின் அத்தனை பெண்களையும், கமராப் பெட்டிக்குள் அடுக்கினாள். அடுப்பை அணைத்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். குரூஸுக்கு ஏதாவது எழுதிவைக்கலாம் என்று கரித்துண்டை எடுத்துக் கதவடியில் நின்றாள். எங்கே போகிறாள் என்பதே அவளுக்குத் தெரியாதபோது என்னத்தை எழுதுவது? கரியைக் கீழே போட்டுவிட்டுக் கதவைச் சும்மா சாத்தினாள், பூட்டவில்லை. சென்றியில் சவிரியம்மாவின் முகம் ஒரு கிலோ எண்ணூறு. எமில்டாவின் பெட்டியைக் கண்டதும் சிப்பாய்கள் ஒதுங்கினார்கள். தாண்டி அரைக்கட்டைத் தூரம் நடந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். களப்புக்கு மேலே ஊரின் தென்னைகள் மட்டும் தெரிந்தன, அவளுடைய கூரை எது என்று தெரியவில்லை.

பெருந்துறையில் ஒரு ஸ்டூடியோக்காரர் தன் இருட்டறையை ஒரு மணிநேரம் தந்தார். பெரிய கடதாசியாகத் தாருங்கோ என்றாள் எமில்டா. பென்சில் வைக்காத சவிரியம்மா தட்டில் தெளிந்து வந்தாள், புருவம், கண், வெட்டு. வெட்டு தெளிந்ததும் தட்டு பிளந்து தண்ணீர் நிலமெல்லாம் ஓடியது. ஸ்டூடியோக்காரர் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார்.

"சிப்பியாறோ?"

"ஓம் ஐயா. தட்டை உடைச்சுப்போட்டன்."

"அது கிடக்கட்டும். நில்லுங்கோ, மூட்டை கட்டுற கயிறு தாறன்."

ஆட்டோக்காரன் பின்பக்கம் தாழ்ந்ததைப் பார்த்து, "என்னம்மா, அம்மிக்கல்லோ?" என்றான். படம் என்று கேட்டதும், "ஓ, அந்தப் பக்கத்துப் படமோ. அப்ப பள்ளம் பார்த்து ஓடவேணும்" என்று மெதுவாகப் போனான்.

கச்சேரிக்குள் ஒரு ஆளைத்தான் விட்டார்கள். மூன்று பியூன்கள் படத்தைத் தூக்கிப்போய் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து இடுப்பைத் தடவினார்கள். எமில்டா கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே மூன்று பேரில் எழுதுகிறவர் சலித்த குரலில் பேர் கேட்டார், ஊர் கேட்டார், ஆதாரம் கேட்டார். இதுதான் என்றாள் சவிரியம்மா. இது உங்கட படம், பிள்ளையின்ர படம் வேணும் என்றார். இல்லை என்றாள். அப்படியென்றால் பிறகு அறிவிப்போம், அடுத்த ஆள் வரட்டும் என்றார்.

அடுத்த ஆளின் காகிதங்களுக்கு இடம் வேண்டும். எழுதுகிறவர் படத்தை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். அது நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். எழும்பி நின்று தள்ளினார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எழும்பி மூன்று பேருமாகத் தள்ளினார்கள், மேசைதான் முனகியது. வேறு வழியில்லாமல் அவர்கள் திரும்பக் கதிரைகளில் இருந்தார்கள். படத்தைப் பார்க்காமல் அந்த மேசையில் எங்கேயும் கண்ணை வைக்க முடியவில்லை.

"இந்த வெட்டு எப்ப பட்டது?" என்று எழுதுகிறவர் கேட்டார். சலிப்புக் குரல் இல்லை.

சவிரியம்மா தொடங்கினாள். தேதி சொன்னாள், நேரம் சொன்னாள், அன்றைக்கு ஜெனிற்றா உடுத்தியிருந்த சட்டையின் நிறம் சொன்னாள். பேனை கடதாசியில் ஓடுகிற சத்தம் வாங்குவரைக்கும் கேட்டது. அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று முகாம் சொன்ன பிள்ளையின் பெயரை ஒரு ஆண் குரல், எழுத்துக் கூட்டி, சரிதானா என்று கேட்டது. சரி என்றாள் தாய்.

பிறகு கதவு திறந்தது. "படம் எடுத்த ஆள் ஆர்? சாட்சியா எழுதவேணும்."

எமில்டா உள்ளே போனாள். எழுதுகிறவர் அவளை நிமிர்ந்து, முகத்துக்கு நேரே பார்த்தார். கமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பேர்?"

சொன்னாள்.

"விலாசம்?"

வாய் தன்பாட்டில் பழைய விலாசத்துக்குத் திறந்தது. ஒன்பது வருடமாக அவள் காத்துக்கிடந்த அந்த நான்கு சொற்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவள் அவற்றை விழுங்கினாள். தோளில் தொங்கிய கமராப் பெட்டியை இறக்கி, மேசையில் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, கொளுக்கியைக் கழற்றி மூடியைத் திறந்தாள்.

"இனி இஞ்சதான் ஐயா" என்றாள். "இன்னும் கனபேர் இருக்கினம். மேசையை மட்டும் கொஞ்சம் பலமாப் போடச் சொல்லுங்கோ."